'ஒன்லி' எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஆங்கிலத்தில் ஓர் அரசுப் பதிலோ, தீர்ப்போ, ஆய்வறிக்கையோ கைக்கு வந்தால் நம் தோழர்கள் முதலில் எண்ணைத் தேடுகிறார்கள். எத்தனை வழக்கு, எத்தனை ஊர், எத்தனை ஏக்கர், எத்தனை சாவு. அது சரிதான், எண்ணுக்காகத்தானே மனுப் போட்டோம். ஆனால் அந்த எண்ணுக்கு முன்னால் ஒரு குட்டிச் சொல் நிற்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. 'ஒன்லி', 'ஜஸ்ட்', 'மியர்லி', 'ஹார்ட்லி', 'ஸ்லைட்லி', 'குவைட்'. பள்ளிக்கூடத்தில் அட்வெர்ப் என்று சொல்லித் தந்தார்களே, அந்த வகை. சின்ன அளவைச் சொல்லும் ஒரு தொடருக்கு முன்னால் இவற்றில் ஒன்று வந்து நின்றால் எண் மாறாது, ஆனால் அந்த எண்ணைப் படிப்பவர் என்ன நினைக்க வேண்டும் என்பது மாறிவிடும்.

இது இலக்கணப் பாடம்தான், மறைக்கவில்லை. எங்களில் பெரும்பாலோர் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவர்கள். ஆங்கிலத்தை வேலைக்கான தகுதி என்று சொல்லித்தான் நமக்குக் கற்பிக்கிறார்கள். நமக்கு அது இன்னொன்றுக்கும் தேவைப்படுகிறது. உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் நம் வழக்குகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. நம் சனங்கள் தமிழில் அழுதது அங்கே ஆங்கில வாக்கியமாகத்தான் போய்ச் சேருகிறது. அந்த வாக்கியத்தில் எந்தச் சொல் எங்கே நிற்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழில் பின்னால், ஆங்கிலத்தில் முன்னால்

'ஏழு ஊர்களில்' என்கிறோம். 'இல்' என்ற உருபு ஊருக்குப் பின்னால் ஒட்டுகிறது. அதற்கும் பின்னால் 'மட்டும்', 'தான்', 'கூட', 'ஆவது' வந்து சேர்கின்றன. ஏழு ஊர்களில் மட்டும். ஏழு ஊர்களில்தான். ஏழு ஊர்களிலாவது. எதைச் சுருக்குகிறோமோ அதன் வாலிலேயே 'மட்டும்' ஒட்டிக்கொள்வதால் குழப்பம் குறைவு.

ஆங்கிலத்தில் வரிசை தலைகீழ். 'இல்' செய்கிற வேலையைச் செய்யும் 'இன்' ஊருக்கு முன்னால் வருகிறது. அதனால்தான் அதற்குப் பிரிபொசிஷன், முன்னிடைச்சொல் என்று பெயர். 'மட்டும்' செய்கிற வேலையைச் செய்யும் 'ஒன்லி' அதற்கும் முன்னால் போய் நிற்கிறது: 'ஒன்லி இன் செவன் வில்லேஜஸ்'. சில நேரம் உள்ளே புகுந்து எண்ணோடு ஒட்டுகிறது: 'இன் ஒன்லி செவன் வில்லேஜஸ்'. சில நேரம் இன்னும் முன்னால் ஓடி வினைச்சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. எங்கே நின்றாலும் ஒன்று மட்டும் பொது. ஏழு என்ற எண் காதில் விழுவதற்கு முன்பே 'இது கொஞ்சம்தான்' என்ற முடிவு காதில் விழுந்துவிடுகிறது.

ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். இது நாங்கள் பாடத்துக்காகப் போட்ட கணக்கு. ஒரு வட்டத்தில் 60 ஊர்கள். நம் குழு 20 ஊர்களுக்குப் போனது. 7 ஊர்களின் டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. இதை எப்படியெல்லாம் எழுதலாம்?

'இன் செவன் ஆஃப் தி டுவென்டி வில்லேஜஸ் விசிட்டட்' என்றால் போன இருபதில் ஏழு. நடந்தது நடந்தபடி.

'இன் ஒன்லி செவன்' என்றால் அதே ஏழுதான், ஆனால் 'பயந்த அளவுக்கு இல்லை' என்ற தொனி சேர்ந்துவிட்டது. 'ஒன்லி' இங்கே எண்ணைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

'ஒன்லி இன் செவன் வில்லேஜஸ்' என்றால் 'ஒன்லி' முழுத் தொடரையும் பிடிக்கிறது. இந்த ஏழைத் தவிர வேறெங்கும் இல்லை என்று படிக்க இடம் கொடுக்கிறது. நாம் போகாத 40 ஊர்களுக்கும் சேர்த்து நற்சான்று கொடுத்தது போல ஆகிவிடும். பேச்சில் பலர் இந்த இரண்டையும் ஒன்றுபோலப் பயன்படுத்துகிறார்கள், தப்பில்லை. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் நம் அறிக்கையைப் பேச்சாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

'இன் அட் லீஸ்ட் செவன்' என்றால் குறைந்தது ஏழு. பார்க்காத ஊர்கள் இன்னும் இருக்கின்றன என்று நினைவூட்டுகிறது. நம் நிலைமைக்கு இதுதான் நேர்மையான சொல்.

'இன் அஸ் மெனி அஸ் செவன்' என்றால் 'ஏழு ஊர்கள், பாருங்களேன்' என்று புருவத்தை உயர்த்துகிறது. இது நம் பக்கச் சாய்வு. உணர்ச்சியாகப் பேசுகிற மேடையில் சரி. மனுவில் இதைப் போட்டால் எண்ணை ஊதுகிறார்கள் என்று சொல்ல நாமே வழி திறந்துவிடுகிறோம்.

இன்னொரு ஜோடி இருக்கிறது, ஒரே மாதிரி ஒலிக்கும். 'நாட் மோர் தென் செவன்' என்றால் ஏழுக்கு மேல் இல்லை. ஆறாகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். 'நோ மோர் தென் செவன்' என்றால் பெரும்பாலும் 'ஏழே ஏழுதான்' என்று குறைத்துச் சொல்வது. 'நாட்', 'நோ' என்ற இரண்டு சொல்லுக்குள் இவ்வளவு.

எண்ணே இல்லாத சிறுமை

எண்ணையாவது சரிபார்க்கலாம். எண்ணைச் சொல்லாமலே சின்னதாகக் காட்டுகிற சொற்கள்தான் ஆபத்து. அவற்றில் முதலிடம் 'ஃபியூ'.

'இன் எ ஃபியூ வில்லேஜஸ்' என்றால் சில ஊர்களில் இருக்கிறது. 'எ'வை எடுத்துவிட்டு 'இன் ஃபியூ வில்லேஜஸ்' என்றால் அநேகமாக எங்கும் இல்லை. ஓரெழுத்து போனதும் இருப்பது இல்லாமையாகிவிட்டது. 'இன் ஒன்லி எ ஃபியூ' என்றால் மறுபடி சிறுத்துவிட்டது. 'இன் குவைட் எ ஃபியூ' என்றால்? நம் வகுப்பில் பாதிப் பேர் 'மிகவும் சில' என்று எழுதுவார்கள். அதன் பொருள் 'கணிசமான ஊர்களில்'. 'நாட் எ ஃபியூ' என்றாலும் அப்படித்தான். சாட்சி 'நிறைய ஊர்ல இருக்குங்க' என்று சொன்னதை மொழிபெயர்ப்பாளர் 'இன் குவைட் எ ஃபியூ வில்லேஜஸ்' என்று சரியாகவே எழுதியிருப்பார். அதை நாம் தமிழுக்குக் கொண்டுவரும்போது 'வெகு சில ஊர்களில்' என்று எழுதினால் சாட்சியை நாமே கவிழ்த்துவிட்டோம் என்று அர்த்தம். 'லிட்டில்', 'எ லிட்டில்' ஜோடிக்கும் இதே கதை. 'எ லிட்டில்' கொஞ்சம் இருக்கிறது என்கிறது, 'லிட்டில்' இல்லாத குறை என்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஆங்கில இலக்கணமே ஒரு சோதனை வைத்திருக்கிறது. தொடரை வாக்கியத்தின் தொடக்கத்தில் போட்டுப் பாருங்கள். 'இன் எ ஃபியூ வில்லேஜஸ் தலித்ஸ் யூஸ் தி காமன் வெல்.' சில ஊர்களில் தலித்துகள் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார்கள். வாக்கியம் நேராகப் போகிறது. முன்னால் 'ஒன்லி' போடுங்கள்: 'ஒன்லி இன் எ ஃபியூ வில்லேஜஸ் டூ தலித்ஸ் யூஸ் தி காமன் வெல்.' நடுவில் 'டூ' முளைத்துவிட்டது. எழுவாய்க்கு முன்னால் துணைவினை வந்தே ஆக வேண்டும். 'இல்லை', 'ஒருபோதும் இல்லை' என்று மறுக்கிற தொடரை முன்னால் போட்டால் ஆங்கிலம் எப்படி முறுக்கிக்கொள்ளுமோ அப்படியே இங்கேயும் முறுக்கிக்கொள்கிறது. அதாவது 'ஒன்லி' வந்தவுடன் அந்த வாக்கியம் பாதி எதிர்மறை ஆகிவிடுகிறது. 'இன் ஹார்ட்லி எனி வில்லேஜ்' என்று தொடங்கினாலும் அப்படித்தான். அந்த 'டூ', 'டஸ்', 'டிட்' எங்காவது எழுவாய்க்கு முன்னால் தலைகாட்டினால் நின்று படியுங்கள். ஏதோ ஒன்றை மறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் ஒருமுறை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம். எங்கள் பகுதி டீக்கடைகளில் தீண்டாமை பற்றி ஆய்வு நடந்ததா, என்ன தெரிந்தது என்று கேள்வி. ஆங்கிலத்தில் பதில் வந்தது. அப்படிப்பட்ட வழக்கம் 'ஒன்லி இன் எ ஃபியூ ஐசோலேட்டட் பாக்கெட்ஸ்' இருப்பதாகவும் மற்றபடி இணக்கம் நிலவுவதாகவும் இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சில மூலைகளில் மட்டும் என்று பொருள். தோழர்கள் சிலருக்கு அது ஒப்புதல் வாக்குமூலம் போலத் தெரிந்தது, 'இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்களே' என்றார்கள். நாங்கள் அந்த ஒரு தொடரை மட்டும் எடுத்து மறுபடி எழுதிக் கேட்டோம். 'எ ஃபியூ' என்றால் எத்தனை? எத்தனை ஊர்களைப் பார்த்துவிட்டு 'ஒன்லி' போட்டீர்கள்? மேல்முறையீடு வரை போய் வந்த பதிலில் எண் இருந்தது. பார்த்தது நான்கு ஊர்கள். இரண்டில் இரட்டைக் குவளை இருந்தது. பார்த்த ஊர்களில் பாதி. அதற்குத்தான் அந்த அட்வெர்ப் போர்வை.

கொஞ்சம் குறைவு என்பது சட்டத்தில் இல்லை

பிரிபொசிஷனுக்கு நேர் முன்னால் உட்கார்ந்து அளவைச் சொல்லும் இன்னொரு கூட்டம் உண்டு. 'ஜஸ்ட் பிலோ', 'ஸ்லைட்லி பிலோ', 'வெல் பிலோ', 'ஃபார் பிலோ'. கூலி பற்றிய அறிக்கைகளில் இவை நிறைய வரும். குறைந்தபட்சக் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் கொடுப்பது 360. இதை 'ஸ்லைட்லி பிலோ தி மினிமம் வேஜ்' என்று எழுதினால் படிப்பவருக்குப் பெரிய அநியாயம் கண்ணில் படாது. 40 ரூபாய்தானே. அதே நாற்பதை மாதம் 25 நாள் வேலைக்குப் பெருக்கினால் 1,000 ரூபாய். ஒரு வீட்டின் அரிசியும் பருப்பும் அதில் இருக்கிறது.

சட்டத்தில் 'ஸ்லைட்லி' என்பதற்கு இடமே இல்லை. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் பற்றி மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான ஒன்றியம் தொடுத்த வழக்கில் 1982ல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு. ஒரு ரூபாய் கீழே போனாலும் கீழேதான். ஆகவே நம் அறிக்கையில் 'பிலோ' போதும். அதற்கு முன்னால் நாமே ஒரு 'ஸ்லைட்லி' போட்டு முதலாளிக்குக் குடை பிடிக்க வேண்டியதில்லை.

சதவீதத்துக்கும் இதே எச்சரிக்கை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022ல் பட்டியல் சாதியினருக்கு எதிராகப் பதிவான வழக்குகள் 57,582. முந்தைய ஆண்டு 50,900. ஒரே ஆண்டில் 13 சதவீதம் கூடியிருக்கிறது. அதே எண்ணை 2011 மக்கள் தொகைக் கணக்கின் 20 கோடிப் பட்டியல் சாதி மக்களால் வகுத்தால் லட்சத்துக்கு 28.6 வரும். அதை இன்னும் சுருக்கி 'ஒன்லி இன் 0.03 பெர்சென்ட்' என்று எழுத ஒருவருக்கு அரை நிமிடம் ஆகாது. கணக்கில் பிழை இல்லை. 'ஒன்லி'தான் பிழை. அதிலும் இது காவல் நிலையம் வரை போய், எழுதச் சொல்லி, எழுதவும் வைத்தவர்களின் கணக்கு மட்டும்.

காரணங்களை எண்ணும் 'ஒன்லி'

ஊர்களை மட்டும்தான் எண்ணுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். காரணங்களையும் எண்ணுகிறார்கள். அங்கேயும் ஒரு பிரிபொசிஷனுக்கு முன்னால் 'ஒன்லி' வந்து நின்று நம் வழக்குகளை விழுங்கியிருக்கிறது.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 3(2)(v) என்று ஓர் உட்பிரிவு. பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றத்தை, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர் என்ற காரணத்தால் செய்தால் ஆயுள் தண்டனை என்றது. 'ஆன் தி கிரவுண்ட்' என்பது சட்டத்தின் சொல். 'ஒன்லி' அங்கே இல்லை. ஆனால் தீர்ப்புகளில் 'ஒன்லி ஆன் தி கிரவுண்ட்' என்ற வாசிப்பு வந்தது. 2019ல் குமான் சிங் வழக்கில், இறந்தவர் பட்டியல் சாதியினர் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் குற்றம் நடந்தது என்பதற்குச் சாட்சியம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின் கீழான தண்டனையை நீக்கியது. மாடு மேய்ந்ததில் வந்த தகராறு அது.

யோசித்துப் பாருங்கள். எந்த வன்கொடுமை ஒரே ஒரு காரணத்தால் நடக்கிறது? நிலத் தகராறு இருக்கும். கூலி கேட்டது இருக்கும். காதல் இருக்கும். பெண் என்பது இருக்கும். இவை எல்லாவற்றோடும் சேர்ந்துதான் சாதி வேலை செய்கிறது. 'ஒன்லி' வந்து காரணங்களின் எண்ணிக்கையை ஒன்றாக்கிவிட்டால் மாடு ஒரு காரணம், ஆகவே சாதி காரணமில்லை என்று கதை முடிந்துவிடும்.

2021 ஏப்ரலில் பட்டான் ஜமால் வலி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு இதைச் சரியாகப் படித்தது. பார்வையற்ற, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பெண் மீது நடந்த பாலியல் வன்கொடுமை அது. சாதி, பாலினம், மாற்றுத்திறன் மூன்றும் ஒன்றோடொன்று பின்னி நிற்பதை நீதிமன்றம் விளக்கியது. சாதி அடையாளம் காரணங்களில் ஒன்றாக இருந்தாலே இந்தப் பிரிவு பொருந்தும் என்றது. ஆனால் அந்த வழக்கில் அதற்குப் போதிய சாட்சியம் கொண்டுவரப்படவில்லை என்று வன்கொடுமைச் சட்டத் தண்டனையை ரத்து செய்தது. பாலியல் வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனை நின்றது. 2016 ஜனவரி 26 முதல் சட்டத்தின் வாசகமே மாறிவிட்டது. பாதிக்கப்பட்டவரின் சாதி 'தெரிந்தே' செய்தால் போதும். பழைய சம்பவங்களின் வழக்குகளில் இன்னும் பழைய வாசகம்தான். அங்கே 'ஒன்லி' சட்டத்தில் இருக்கிறதா, தீர்ப்பில் வந்து சேர்ந்ததா என்று பிரித்துக் காட்ட நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

அரசமைப்புச் சட்டத்தையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பாகுபாட்டைத் தடுக்கும் 15ஆம் பிரிவில் 'ஆன் கிரவுண்ட்ஸ் ஒன்லி ஆஃப்' என்று 'ஒன்லி' இருக்கிறது. சாதியோடு வேறொரு காரணமும் சேர்ந்தால் அது பாகுபாடா இல்லையா என்ற வாதத்துக்கு அந்தச் சொல் இடம் கொடுத்திருக்கிறது. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவைப் பாருங்கள். எந்த வடிவத்திலும் கூடாது என்கிறது. 'இன் எனி ஃபார்ம்'. அதற்கு முன்னால் ஓர் அட்வெர்பும் இல்லை. கொஞ்சம், அதிகம், சில ஊர், பல ஊர் என்ற பேச்சே அந்த வாக்கியத்தில் நுழைய முடியாது.

சுழியாக்கும் தொடர்

சில நேரம் அட்வெர்ப்கூட வேண்டாம். பிரிபொசிஷன் தொடரே எண்ணை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். 2020 டிசம்பர் வரையான ஐந்தாண்டுகளில் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறங்கிச் சுத்தம் செய்யும்போது 340 பேர் இறந்ததாக 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில், கையால் மலம் அள்ளுவதால் சாவு எதுவும் பதிவாகவில்லை என்று அதே அரசு மாநிலங்களவையில் சொன்னது. இரண்டும் எப்படி? 2013ஆம் ஆண்டுச் சட்டம் கையால் மலம் அள்ளுவதற்கு ஒரு வரையறையும், சாக்கடை, மலக்குழியில் இறங்கும் ஆபத்தான சுத்திகரிப்புக்கு வேறொரு வரையறையும் வைத்திருக்கிறது. 'டியூ டு மேனுவல் ஸ்காவெஞ்சிங்' என்ற தொடரைப் போட்டவுடன் 340 உடல்களும் அந்த வாக்கியத்துக்கு வெளியே போய்விட்டன. யாரும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆகவே 'நில்' என்று பதில் வந்தால், எதனால், எதில், எப்போது என்ற அந்தத் தொடரைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

கைப்பிடித் தண்ணீர், அரைப்படி நெல்

இதுவரை நம்மை எதிர்ப்பவர்களும் அலுவலகங்களும் எழுதும் சொற்களைப் பார்த்தோம். நம் வாயிலேயே ஒரு 'வெறும்' இருக்கிறது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நினைவுநாள் கூட்டங்களில் 'வெறும் அரைப்படி நெல்லுக்காக' என்று சொல்வோம். ஆங்கிலத்தில் எழுதும் தோழர்கள் அதை 'மியர்லி ஃபார் எ லிட்டில் மோர் பேடி' என்று எழுதுகிறார்கள். கொன்றவர்களின் கொடூரத்தைக் காட்டத்தான் அந்த 'வெறும்' வருகிறது, புரிகிறது. ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் அந்த ஆங்கில வரியைப் படித்தால் என்ன நினைப்பார்? கொஞ்சம் நெல்லுக்கு இவ்வளவு பெரிய சண்டையா என்று நினைக்கலாம். அவர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். சங்கம் வைத்தார்கள். கொடியை இறக்கு, சங்கத்தை விடு என்ற மிராசுதார்களின் கட்டளைக்குத் தலையாட்டவில்லை. நெல்லின் அளவு சிறியது. கேட்டது சிறியதில்லை. 'ஃபார் எ வேஜ் ரைஸ் அண்ட் தி ரைட் டு தேர் யூனியன்' என்று எழுதலாமே. கூலி உயர்வுக்காகவும் தங்கள் சங்கத்துக்கான உரிமைக்காகவும். 'மியர்லி' தேவையே இல்லை.

இந்த வேறுபாட்டை அம்பேத்கர் நமக்கு முன்பே காட்டிவிட்டார். 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அவரும் ஆயிரக்கணக்கான தோழர்களும் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். அந்தக் குளத்துத் தண்ணீரைக் குடிக்காமல் அவர்கள் செத்துப்போயிருக்க மாட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று மகாத்தில் மறுபடி கூடியபோது அவர் அதைத்தான் விளக்கினார். குளத்துக்குப் போவது தண்ணீர் குடிப்பதற்காக மட்டும் இல்லை, நாமும் மற்றவர்களைப் போல மனிதர்கள் என்று நிலைநாட்டுவதற்காக என்பது அந்தப் பேச்சின் சாரம். அன்றுதான் மனுஸ்மிருதியும் எரிக்கப்பட்டது. கைப்பிடித் தண்ணீர் என்ற சிறிய அளவுக்குப் பக்கத்தில் அவர் வைத்த சொல் 'மட்டும் இல்லை'. நம்மவர்கள் எழுதும் 'மியர்லி'க்கு முன்னால் ஒரு 'நாட்' போட்டால் வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள்.

எழுதும்போது

எங்கள் வகுப்பில் நாங்கள் வைத்திருக்கும் பழக்கங்களைச் சொல்லி முடிக்கிறோம். உங்கள் ஊரில் உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்று, எண்ணை எண்ணாகவே எழுதுங்கள், மொத்தத்தோடு சேர்த்து. 20 ஊர்களில் 7. பார்க்காதவை இருந்தால் 'அட் லீஸ்ட்' சேருங்கள். அதற்கு மேல் எந்த அட்வெர்பும் வேண்டாம்.

இரண்டு, 'ஒன்லி' தவிர்க்க முடியாவிட்டால் எதைச் சுருக்க வேண்டுமோ அதன் பக்கத்திலேயே வையுங்கள். 'போலீஸ் ஒன்லி ரெஜிஸ்டர்ட் கேசஸ் இன் த்ரீ வில்லேஜஸ்' என்றால் மூன்று ஊர்களில் மட்டும் பதிந்தார்களா, பதிந்ததோடு சரி, கைது செய்யவில்லையா? இரண்டும் நம் புகார்தான், ஆனால் இரண்டும் வேறு புகார். 'ஒன்லி' எங்கே நிற்க வேண்டும் என்று ஆங்கில இலக்கணக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டிலிருந்து சண்டை போடுகிறார்கள். பொருள் புரிகிற இடத்தில் அவ்வளவு கெடுபிடி வேண்டாம் என்று 1926ல் ஃபவுலர் தன் புகழ்பெற்ற அகராதியில் வாதாடினார். பேச்சுக்கு அவர் சொன்னது சரி. மனுவைப் படிக்கிறவர்கள் நமக்குச் சாதகமாகப் புரிந்துகொள்வார்கள் என்ற உத்தரவாதம் நமக்குக் கிடையாது.

மூன்று, மொழிபெயர்க்கும்போது தமிழில் 'மட்டும்' எந்தச் சொல்லின் வாலில் இருந்தது என்று அடிக்கோடு போட்டுவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள். ஆங்கிலத்திலிருந்து வரும்போது 'ஃபியூ'வுக்கு முன்னால் 'எ' இருக்கிறதா, 'குவைட்' இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கு, அரசுப் பதில் வந்தால் அட்வெர்பை எல்லாம் பென்சிலால் அடித்துவிட்டு ஒருமுறை படியுங்கள். பிறகு மிச்சம் இருக்கும் வாக்கியத்தைக் கேளுங்கள்: எத்தனையில்? யார் பார்த்தார்கள்? எந்தத் தேதியில்? எதனால் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? அந்தக் கேள்விகளே உங்கள் அடுத்த மனு.

'ஒரு சில இடங்களில் மட்டும்' என்று அவர்கள் எழுதுகிற இடம் ஒவ்வொன்றிலும் ஒரு சேரி இருக்கிறது. அங்கே தனிக் குவளையில் டீ குடிக்கிறவருக்கு அது நூற்றில் ஒரு பங்கு கிடையாது. அவருக்கு இருப்பது அந்த ஒரு ஊர்தான்.

ஜெய் பீம்.